குப்தகாசியில் பெய்த மழை

மந்தாகினி நதிக்கு மேலே, மேற்குப் பக்க மலைச்சரிவில் அமைந்திருக்கிறது குப்தகாசி. கேதாரநாத யாத்திரை சென்று வந்த அன்பர்களைக் கேட்டால், பெரும்பாலோர் அவ்வூரை வண்டியின் சன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். தேநீர் அருந்தக் கால் மணி நேரம். மிஞ்சிப் போனால் ஓர் இரவுத் தங்கல். விடிவதற்குள் சோன்பிரயாகைக்குப் புறப்பாடு. நாங்களும் அவ்வாறே எண்ணித்தான் சென்றோம். ஆனால் நான்கு இரவுகள் அங்கே தங்கும்படி நேர்ந்தது. கேதாரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று புறப்பட்டவன், கேதாரத்தைக் காணாமல் திரும்பிய கதையை இப்போது எழுதுகிறேன்.

என்னுடன் வந்தவன் என் தமக்கையின் மகன். வயது இருபத்தாறு, பெங்களூருவில் பணி. விடுப்புக் கிடைத்தால் போதும், முதுகில் பெரிய பையொன்றை மாட்டிக்கொண்டு ஏதேனும் ஒரு மலைக்குப் புறப்பட்டுவிடுவான். அவனுடைய திட்டத்தில் கேதாரநாதர் சன்னிதி ஒரு பகுதிதான். அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர் நடந்து, 4,135 மீட்டர் உயரத்தில் இருக்கும் வாசுகி தால் என்னும் ஏரியைக் காண வேண்டும். பிறகு இறங்கி வந்து, சோப்தாவிலிருந்து துங்கநாதம் ஏறி, அதற்கும் மேலே உள்ள சந்திரசிலைச் சிகரத்தில் சூரியோதயம் பார்க்க வேண்டும். எந்த நாள் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று ஒரு தாளில் கட்டம் கட்டி எழுதி, நனையாதபடி உறையிலிட்டு வைத்திருந்தான். அந்தத் தாளில் மழைக்கென்று அரை நாள்கூட ஒதுக்கப்படவில்லை. அதை அப்போது நானும் கவனிக்கவில்லை.

புறப்படும் முன் எங்கள் இருவருடைய பைகளிலும் உள்ள ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தான். என் பையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பு வெளிப்பட்டது. வாய்க்கு மூடி வைத்து, மெழுகிட்டு, மேலே மஞ்சள் துணி சுற்றியிருந்தது. "மாமா, இது எழுநூறு கிராம். இதுக்குப் பதிலா இன்னொரு ஸ்வெட்டர் எடுத்துக்கலாம்" என்றான். அதில் இருப்பது காவிரி நீர், அதைப் பாட்டியே கொடுத்தனுப்பினார் என்று சொன்னதும் பேசாமல் பையில் திரும்ப வைத்துவிட்டான்.

எங்கள் ஊர் திருவையாறு. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்குவது அவரால் இப்போது இயலாத செயல். ஆயினும் என் கையைப் பற்றிக்கொண்டு இறங்கி, தாமே அந்தச் செம்பை நிரப்பினார். அதற்குக் காரணம் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அப்பாவும் அம்மாவும் ஒரு யாத்திரைக் குழுவுடன் கௌரிகுண்டம் வரை சென்றிருக்கிறார்கள். மழையால் பாதை அடைபட்டது. குழு இரண்டு நாள் காத்திருந்து பத்ரிநாதத்துக்குத் திரும்பிவிட்டது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அப்பா அன்று சொன்னாராம். அந்த அடுத்த வருடம் அவர் மறையும் வரையில் வரவில்லை. அம்மா இதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் செம்பைக் கொடுக்கும்போது, "அப்பா பேரைச் சொல்லி விடு" என்று மட்டும் சொன்னார்.

ஆவணி முடியும் தறுவாயில் ரிஷிகேசத்திலிருந்து புறப்பட்டோம். அப்பகுதியில் தென்மேற்குப் பருவமழை செப்டம்பரின் பிற்பாதியில் விலகத் தொடங்கும். வானம் தெளிந்து பனிச்சிகரங்கள் நன்றாகத் தெரியும். கூட்டமும் குறைவு என்பதே எங்கள் கணக்கு. கணக்கு ஒரு வாரம் பிசகியது. தேவபிரயாகையைக் கடக்கும்போதே தூறல். ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் இடையே சிரோபகட் என்னும் இடத்தில், மலை சரிவதும் சாலை மறிபடுவதும் ஆண்டுதோறும் நடப்பது. அங்கே இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். ஜேசிபி இயந்திரம் ஒன்று சேற்றையும் கல்லையும் நதிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது; தள்ளத் தள்ள மேலிருந்து மீண்டும் சிறு கற்கள் உருண்டன. இமயம் வயதில் இளைய மலை. அதன் பாறைகள் மடிந்து நொறுங்கியவை. சாலைக்காக அடிவாரத்தை வெட்டிய இடங்களில் பிடிமானம் இன்னும் குறைவு. நீர் இறங்கினால் மண் இறங்கும்.

வழியில் மந்தாகினிக் கரையில் அகத்தியமுனி என்றே ஓர் ஊர் இருக்கிறது. குறுமுனிவர் தவம் செய்த இடம் என்று அங்குள்ளோர் கொண்டாடுகிறார்கள்; அவருக்குக் கோயிலும் உண்டு. தெற்கே பொதிகையில் நாம் குடியிருத்தி வணங்கும் முனிவருக்கு வடக்கே ஓர் ஊர். காவிரிக்கும் அவருக்கும் உள்ள உறவை அறிந்தவனாதலால், மடியில் இருந்த செம்பை ஒருமுறை தொட்டுக்கொண்டேன். கோயிலுக்குள் செல்ல நேரமில்லை. இருட்டுவதற்குள் குப்தகாசி சேர வேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். பின்னால் எங்களுக்கு வாய்த்த நேரத்தை நினைத்தால், அந்த அவசரம் இப்போது வேடிக்கையாக இருக்கிறது.

மறுநாள் அதிகாலை சோன்பிரயாகை. கேதாரநாத யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். அதைச் சரிபார்த்து அனுப்பும் இடம் இதுதான். இங்கிருந்து கௌரிகுண்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஜீப்பில் செல்ல வேண்டும். அதன் பிறகு நடை. தடுப்புக்கு முன்னால் அறுநூறு எழுநூறு பேராவது நின்றிருப்பார்கள். நீல நிற மழையங்கிகளின் கூட்டத்தில் முகங்களே தெரியவில்லை. எட்டு மணியளவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்திருக்கிறது, மேலே யாரும் அனுப்பப்பட மாட்டார்கள், மேலிருந்து இறங்குவோரை மட்டும் பாதுகாப்பாக அழைத்து வருகிறார்கள். கூட்டத்தில் சிலர் வாதாடினார்கள். குஜராத்தி மூதாட்டி ஒருவர் தடுப்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றார். காவலர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் குடையை அவர் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த எச்சரிக்கையின் கனம் அறியாதவர்கள் அவ்வட்டாரத்தில் இல்லை. 2013 ஆம் ஆண்டு ஜூன் 16 மாலையும் 17 காலையும் நிகழ்ந்ததை நாடே அறியும். கேதாரநாதத்துக்கு மேலே பனியாற்றின் ஓரத்தில் இருந்த சோராபாரி ஏரி கனமழையில் கரை உடைத்தது. நீரும் பாறையும் ஊரின் மேல் இறங்கின. கோயிலின் பின்புறம் ஒரு பெரும்பாறை வந்து நின்று வெள்ளத்தை இருபுறமும் பிரித்துவிட, கோயில் தப்பியது. அந்தப் பாறையை இன்று பீமசிலை என்று வணங்குகிறார்கள். ஆனால் வழியில் இருந்த ராம்பாடா என்னும் தங்குமிடம் முழுவதும் மறைந்துபோனது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பிறகு நதியின் மறுகரையில் புதுப் பாதை அமைத்தார்கள். 14 கிலோமீட்டராக இருந்த நடை நீண்டுவிட்டது. 2024 ஜூலை 31 இரவு லிஞ்சோலிப் பகுதியில் மேகவெடிப்பு ஏற்பட்டு, அந்தப் புதுப் பாதையும் பல இடங்களில் துண்டானது. ஹெலிகாப்டர்களை வரவழைத்து ஆயிரக்கணக்கான யாத்ரீகர்களை மீட்டார்கள். இருபது முப்பது சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினால் அதை மேகவெடிப்பு என்கிறார்கள். பள்ளத்தாக்கின் ஒரு மடிப்பில் அது நிகழும்போது, அடுத்த மடிப்பில் வெறும் தூறல் இருக்கக்கூடும். நிற்கும் இடத்தில் மழை இல்லை என்பதனால் போகும் இடத்தில் மழை இல்லை என்று ஆகிவிடாது.

குப்தகாசிக்கே திரும்பினோம். விடுதியில் அன்று மாலை வேறு பல முதுகுப்பைகளும் வந்து சேர்ந்தன. கொல்கத்தாவிலிருந்து வந்த ஐவர் மத்யமகேசுவரம் நடக்க வந்தவர்கள். கூடாரம், அடுப்பு முதலான சகலமும் வைத்திருந்தார்கள், உலர்ந்த காலுறை மட்டும் யாரிடமும் இல்லை. புணேயிலிருந்து வந்த இரு பெண்கள் தேவரியா தால் ஏரிக்கரையில் இரவைக் கழிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். சமையல்கட்டு அடுப்பைச் சுற்றிக் காலுறைகள் தோரணம் போல் தொங்கின. அவ்வடுப்பில் சுட்ட மண்டுவா ரொட்டியும் ராஜ்மாவும் எங்கள் உணவு. மண்டுவா என்பது வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகு. இளைஞர்கள் அனைவரும் கைபேசியில் வானிலைப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கைபேசி நாளை வெயில் என்றது. மற்றவருடையது மூன்று நாள் மழை என்றது. எல்லோரும் வெயில் சொன்ன கைபேசியையே நம்பினார்கள்.

மழை நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வேறு வேலை இல்லாததால் கோயிலுக்குச் சென்றோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். குப்தகாசியில் விசுவநாதர் ஆலயமும் பக்கத்தில் அர்த்தநாரீசுவரர் சன்னிதியும் உள்ளன. கருங்கல்லால் ஆன, அளவான கோயில். முன்புறத்தில் மணிகர்ணிகா குண்டம். பசு முகம் ஒன்றும் யானை முகம் ஒன்றுமாக இரு வாய்களிலிருந்து அதில் நீர் விழுகிறது. கங்கையும் யமுனையும் அவ்வாறு வருவதாக ஐதிகம். மழை நாளில் இரு தாரைகளும் கொழுத்துச் சீறிக்கொண்டு விழுந்தன. குண்டத்தின் நீர்மட்டத்தில் மழைத்துளிகள் பூத்துப் பூத்து அடங்கின. வெளிப்படியில் நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. வேறு பக்தர் யாரும் இல்லை. அர்ச்சகர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவசரமில்லாமல் தலபுராணத்தைச் சொன்னார்.

குருட்சேத்திரப் போர் முடிந்து, உறவினரைக் கொன்ற பழி தீரப் பாண்டவர்கள் சிவபெருமானைத் தேடிக் காசிக்குச் சென்றார்கள். அவர்களுக்குக் காட்சி தர விரும்பாத இறைவன் அங்கிருந்து நீங்கி இமயத்துக்கு வந்து, இவ்விடத்தில் மறைந்துகொண்டான். குப்தம் என்றால் மறைவு. மறைந்த காசி ஆனதால் குப்தகாசி. பாண்டவர்கள் இங்கும் வந்துவிடவே, காளை வடிவெடுத்து மந்தையில் கலந்தான். பீமன் அடையாளம் கண்டு பற்றியபோது நிலத்துக்குள் புகுந்தான். திமில் கேதாரத்திலும், கைகள் துங்கநாதத்திலும், முகம் ருத்ரநாதத்திலும், நாபி மத்யமகேசுவரத்திலும், சடை கல்பேசுவரத்திலும் வெளிப்பட்டன. இந்த ஐந்துமே பஞ்ச கேதாரங்கள்.

இந்த வரலாற்றை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் அதுவரை ஐந்து கேதாரங்களைப் பற்றிய கதையாகத்தான் அது என் மனத்தில் இருந்தது. அன்று கேட்கும்போது வேறோரிடம் உறைத்தது. பாண்டவர்களுக்கும் இவ்வூரில் தரிசனம் கிடைக்கவில்லை. அவர்கள் வந்து, தேடி, ஏமாந்து நின்ற இடம் இது. அந்த இடத்துக்கும் ஒரு கோயில் கட்டி, இரு நதிகளை வரவழைத்து, காசி என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

கேதாரம் நமக்கு அயலான தலமன்று. தேவாரப் பாடல் பெற்றது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். ஆனால் இருவருமே கேதாரத்துக்கு நடந்து சென்று பாடவில்லை. திருக்காளத்தியில் இருந்தபடியே வடதிசைத் தலங்களை நினைந்து பாடினார்கள் என்று பெரியபுராணம் கூறுகிறது. அப்பர் பெருமானோ நடந்தே தீருவது என்று கயிலைக்குப் புறப்பட்டவர். காசியைக் கடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் இயலாமல் கிடந்தபோது இறைவன் முனிவராக வந்து திரும்பிப் போகச் சொன்னான். கயிலையைக் காணாமல் இவ்வுடலோடு மீளேன் என்றார் அப்பர். ஒரு பொய்கையைக் காட்டி அதில் மூழ்கச் சொல்ல, மூழ்கியவர் எழுந்த இடம் எங்கள் திருவையாறு. அங்கே கண்டார் கயிலைக் காட்சியை. ஆடி அமாவாசைதோறும் அந்த விழாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பர் வழியில் தடுக்கப்பட்டவர் என்பது, ஈரக் காலுறையுடன் குப்தகாசிப் படியில் உட்கார்ந்திருந்த அன்றுதான் என் நினைவுக்கு வந்தது. இப்படிச் சொல்வதால் அவ்வடியார்களோடு என்னை ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டா. அவர்கள் பெற்ற அமைதியில் ஒரு துளியும் எனக்கு அன்று வாய்க்கவில்லை. மறுநாள் நான் செய்த காரியமே அதற்குச் சாட்சி.

நான்காம் நாள், மழை சற்று விட்டிருந்த நேரத்தில், கடைத்தெருவில் ஒருவர் எங்களை அணுகினார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு, திரியுகிநாராயணத்துக்கு மேலே காட்டு வழியாக அழைத்துச் செல்ல முடியும். விடியலுக்கு முன் புறப்பட வேண்டும். யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். மருமகனின் முகம் மலர்ந்ததில் வியப்பில்லை. அவனுக்கு அது இன்னும் பெரிய சாகசம். ஆனால் கூலி என்ன என்று முதலில் கேட்டவன் அவனல்லன், நான். என் பையில் இருந்த செம்பு என்னைக் கேட்க வைத்தது. அம்மாவின் வயதை நினைத்தேன்; அப்பா சொன்ன 'அடுத்த வருஷத்தை' நினைத்தேன். பாதை திறக்கக் காத்திருந்தால் ரயிலைத் தவறவிட வேண்டும். மருமகனின் விடுப்பும் முடிகிறது. முன்பணம் கொடுக்கப் பையில் கைவிட்டதுவரை நடந்தது. விடுதிக்குச் சென்று பணம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

விடுதிக்காரர் எங்கள் பேச்சின் வாடையை எப்படியோ உணர்ந்துவிட்டார். மறுநாள் அதிகாலை அறையைக் காலி செய்வதாகச் சொன்னவுடன், எங்கே என்று கேட்டார். மருமகன் தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னான். அவர் கோபிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "என் அண்ணனுக்கு ராம்பாடாவில் தேநீர்க்கடை இருந்தது. அன்று சாயங்காலம் போன் செய்தான். மழை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், அதற்குள் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு இறங்குகிறேன் என்றான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

அறைக்குத் திரும்பி நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மருமகன்தான், "வேணாம் மாமா" என்றான். உறையிலிருந்து தன் தாளை எடுத்தான். வாசுகி தாலை அடித்தான். சந்திரசிலையை அடித்தான். கேதாரநாதம் என்று எழுதிய கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அதை நான்தான் அடித்தேன்.

குப்தகாசியில் எங்கள் அறைச் சன்னலைத் திறந்தால், பள்ளத்தாக்கின் மறுபுறச் சரிவில் ஓர் ஊர் தெரியும். மேகம் விலகும்போதெல்லாம் அதன் தகரக் கூரைகள் மினுங்கும். மூன்று நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது எது என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றிரவு உணவின்போது விடுதிக்காரர்தான் சொன்னார், அதுதான் உக்கிமடம் என்று. தீபாவளியை அடுத்த யமத்துவிதியை அன்று கேதாரநாதத்தின் கதவுகள் அடைக்கப்படுகின்றன. பெருமானின் ஐந்து முக உற்சவத் திருமேனி பல்லக்கில் இறங்கி, ராம்பூரிலும் குப்தகாசியிலும் தங்கி, உக்கிமடத்து ஓங்காரேசுவரர் ஆலயத்தில் எழுந்தருளுகிறது. ஆறு மாதக் குளிர்காலம் முழுவதும் கேதாரநாதருக்கு உரிய பூசைகள் அங்குதான். மீண்டும் எந்நாளில் கோயில் திறப்பது என்பதையும் மகா சிவராத்திரியன்று அங்குதான் அறிவிக்கிறார்கள். ஏட்டில் படித்து அறிந்த செய்திதான். ஆனால் கேதாரம், கேதாரம் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, எதிரே இருந்தது கண்ணில் படவில்லை.

ஐந்தாம் நாள் காலை தூறல்தான். குண்டு என்னும் இடத்தில் பாலத்தைக் கடந்து மறுகரையில் ஏறினால் உக்கிமடம், பதின்மூன்று கிலோமீட்டர். வழியில் இரு இடங்களில் சேறு. ஜீப்பிலிருந்து இறங்கிக் கடந்தோம். வண்ணம் தீட்டிய மரவேலைப்பாடுள்ள வாயிலைத் தாண்டினால் கல்தளம் பாவிய முற்றம், நடுவே உயர்ந்த விமானத்துடன் ஓங்காரேசுவரர். மாந்தாதா சக்கரவர்த்தி தவம் செய்த தலம். பாணாசுரனின் மகள் உஷைக்கும் கண்ணனின் பேரன் அநிருத்தனுக்கும் திருமணம் நடந்த இடமும் இதுவே என்பர். உஷாமடமே உக்கிமடம் ஆயிற்றாம். திருமண மண்டபத்தையும் காட்டுகிறார்கள். முற்றத்தில் பள்ளிச் சிறுவர்கள் இருவர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவர்களையும் எங்களையும் தவிர வேறு யாரும் இல்லை.

அர்ச்சகரிடம் செம்பைக் காட்டி எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்க முயன்றேன். அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே தமக்குள் ஏதோ சொன்னார். அது கன்னடம். மருமகன் சட்டென நிமிர்ந்தான். கேதாரநாதத்தின் தலைமைக் குருவான ராவலும், பூசை செய்யும் அர்ச்சகர்களும் கர்நாடகத்து வீரசைவ மரபினர். அவர்களின் இருக்கை உக்கிமடம். பெங்களூருவில் நான்காண்டு இருந்த மருமகனின் கன்னடம் அப்போது பயன்பட்டது. தாத்தா கௌரிகுண்டம் வரை வந்து திரும்பியது, பாட்டி படித்துறையில் இறங்கி நீர் எடுத்தது, நாங்கள் நான்கு நாள் காத்திருந்தது என எல்லாவற்றையும் அவனே சொன்னான். எழுநூறு கிராமுக்கு ஸ்வெட்டர் கேட்டவன் அவன். அவ்வளவு விரிவாக அவனுக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை.

காவிரி என்ற சொல்லைக் கேட்டதும் அர்ச்சகர் செம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கள் நாட்டில் பிறந்த நீர். உங்கள் ஊர் வரை இறங்கிப் போய், இங்கே ஏறி வந்திருக்கிறது" என்றாராம், மருமகன் பிறகு மொழிபெயர்த்தான். மெழுகை உடைத்து, அப்பாவின் பெயரையும் கோத்திரத்தையும் கேட்டு, சங்கற்பம் செய்துவைத்து, நீரை அபிஷேகம் செய்தார். எங்கள் படித்துறை நீர் கருமையான கல்லின் மேல் வழிந்து இறங்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவுதான். நானாக நினைத்து வைத்திருந்த பனிச்சிகரப் பின்னணி எதுவும் இல்லை. கேதாரநாதத்தில் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு அப்போதும் ஓரத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது.

வெளியே வந்து அம்மாவை அழைத்தேன்.

"அபிஷேகம் ஆச்சும்மா. ஆனா கேதாரத்துல இல்ல. உக்கிமடத்துல."

"ஏன், மேலே என்ன?"

"மழை. பாதையை மூடிட்டாங்க."

மறுமுனையில் பேச்சில்லை. அவருக்கு ஏமாற்றம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். "அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார் பிறகு. உடனே, "குழந்தை பத்திரமா இருக்கானா? போனை அவன்கிட்ட குடு" என்றார். பாட்டியும் பேரனும் நெடுநேரம் பேசினார்கள். குளிர்காலத்தில் சாமி எங்கே தங்குகிறார் என்று அவர் கேட்டதும், "அதோ அந்த வாசலுக்குள்ளதான் பாட்டி, நாங்க அங்கதான் நிக்கறோம்" என்று அவன் சொன்னதும் எனக்குக் கேட்டது. அதற்கு அம்மா என்ன சொன்னார் என்று அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவு ருத்ரபிரயாகையில் தங்கினோம். விடிந்தபோது வானத்தில் மேகமே இல்லை. பல் துலக்கிக்கொண்டிருக்கையில் மருமகனின் கைபேசிக்குக் குப்தகாசியிலிருந்து புணேப் பெண்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள்: கேதாரப் பாதை திறந்துவிட்டது, எல்லோரும் சோன்பிரயாகைக்குப் புறப்படுகிறார்கள். எங்களுக்கு அன்று இரவு ஹரித்வாரில் ரயில். அவன் அச்செய்தியை எனக்குக் காட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான். ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைத் திட்டத்தில் விட்டு வைத்திருக்கலாமே என்று இருவருமே நினைத்தோம். இமயத் தலங்களுக்குச் செல்லும் அன்பர்கள், பணத்தைக் குறைத்துக்கொண்டாலும் நாட்களைக் குறைத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு செல்க என்று இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன்.

சங்கமத்துக்கு இறங்கினோம். அலகநந்தாவும் மந்தாகினியும் கலக்கும் இடம். மழைக்குப் பின் இரண்டும் கலங்கலாகத்தான் ஓடின. மந்தாகினி கேதாரநாதத்துக்கு மேலே உள்ள சோராபாரிப் பனியாற்றில் பிறந்து, கோயிலின் அருகே ஓடி, எங்களை ஏறவிடாத அதே பள்ளத்தாக்கின் வழியாக இறங்கி வருவது. வெறும் செம்பு கையில் இருந்தது. மந்தாகினிப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மருமகன்தான் அதை நிரப்பினான். மூடியைத் துணியால் கட்டித் தன் பையில் வைத்துக்கொண்டான். எடை பார்க்கவில்லை.

அந்தச் செம்பு இப்போது எங்கள் வீட்டுப் பூசையறையில் இருக்கிறது. மணல் அடியில் படிந்து நீர் தெளிந்துவிட்டது. அம்மா அதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வரும் கோடையில் கோயில் திறந்ததும் செல்வதாக மருமகன் புதுத் தாளில் கட்டம் கட்டியிருக்கிறான். சோன்பிரயாகைக்கு நேரே மூன்று கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறான். சென்ற வாரம் அம்மா கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி, இன்னொரு பித்தளைச் செம்பு வாங்கி வைத்தார்.